சான் சால்வடோர் பயண டைரி: எரிமலை, புபூசா, சுவத்துல பேருங்க

வெள்ளிக்கிழமை ராத்திரி

எல் சால்வடோர் நாட்டுத் தலைநகர் சான் சால்வடோருக்கு வந்து சேந்தாச்சு மக்களே. ஹூஸ்டன்ல இருந்து மூணு மணி நேர ஃப்ளைட்தான். விமானம் ஃபுல்லு, முக்கால்வாசிப் பேரு லீவுக்கு ஊருக்குப் போற சால்வடோர்க்காரங்க, மேல பெட்டி வைக்கிற எடமெல்லாம் கயிறு கட்டுன அட்டப்பெட்டி, சொந்தக்காரப் புள்ளைங்களுக்கு வாங்குன பொம்மை. சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லாரும் கை தட்டுனாங்க, பக்கத்து சீட்டு பாட்டி சிலுவை போட்டுக்கிட்டாங்க.

எல் சால்வடோர் போறோம்னு சொன்னப்போ எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், எதுக்கு அங்க, கோஸ்டா ரிக்கா போகலாம்ல? எங்க அக்கா ஹூஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸ். அவ வார்டுல வேலை பாக்குறவங்கள்ல நெறைய பேரு இந்த நாட்டுக்காரங்க, 1980-கள்ல நடந்த உள்நாட்டுப் போர்ல வீட்டை விட்டு ஓடி வந்தவங்க, இல்லேன்னா அவங்க பிள்ளைங்க. அவங்க பர்ஸ்ல, லாக்கர்ல, மொபைல் ஸ்க்ரீன்ல எல்லாம் கறுப்புக் கண்ணாடி ஃப்ரேம் போட்ட ஒரு பாதிரியார் படம் இருக்கும், அவர்தான் 1980-ல சுட்டுக் கொல்லப்பட்ட சான் சால்வடோர் ஆர்ச்பிஷப் ஆஸ்கர் ரொமேரோ. இவரு யாருன்னு அக்கா கேக்கப்போயி அதுல தொடங்குனது இந்தப் பயணம். எனக்கு இன்னொரு ஆசையும் இருந்துச்சு. பிரமிடு, கோயில், ராஜா கல்லறைன்னு நெறைய பாத்திருக்கோம், ஆனா சாதா ஜனங்க எப்படி வாழ்ந்தாங்கன்னு அப்படியே காட்டுற எடம் உலகத்துல ரொம்பக் கம்மி, அதுல ஒண்ணு இந்த ஊருக்குப் பக்கத்துல இருக்கு. அது செவ்வாய்க்கிழமை.

ஏர்போர்ட்டுக்கே ரொமேரோ பேருதான் வச்சிருக்காங்க. எங்க ரெண்டு பேருக்கும் அமெரிக்க பாஸ்போர்ட்ங்கறதால டூரிஸ்ட் கார்டுக்கு ஆளுக்கு 12 டாலர் கட்டுனோம், வேலை முடிஞ்சிது. இந்திய பாஸ்போர்ட்ல வர்றவங்க கவனிங்க, ஆப்பிரிக்க நாடுகள்ல இருந்தும் இந்தியாவுல இருந்தும் வர்றவங்களுக்கு 1,000 டாலரும் அதுக்கு மேல வரியும்னு 2023 அக்டோபர்ல ஒரு கட்டணம் கொண்டு வந்தாங்க, வேற நாட்டுக்குப் போற வழியில இங்க மாறி ஏறுனாலும் அது உண்டுன்னு சொல்லியிருந்தாங்க. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இன்னிக்கு என்ன நெலமைன்னு ஏர்லைன்ஸ்கிட்டயும் தூதரகத்துக்கிட்டயும் கேட்டுருங்க.

பணம் மாத்துற வேலை இல்ல, 2001-ல இருந்து இங்க அமெரிக்க டாலர்தான். பிட்காயின் பத்தி நெறைய பேரு கேட்டீங்க. 2021 செப்டம்பர்ல சட்டபூர்வப் பணமாக்குனாங்க, 2025 ஜனவரில சட்டத்தை மாத்தி கடைக்காரங்க விரும்புனா வாங்கிக்கலாம்னு ஆக்கிட்டாங்க. சில்லறை நோட்டா வச்சுக்கோங்க, 20 டாலர் நீட்டுனாலே சின்னக் கடைல முகத்தைப் பாப்பாங்க.

ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள வர முக்கால் மணி நேரம். எஸ்கலோன் ஏரியால ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ். ஜன்னலத் தொறந்தா இருட்டுல மலை மாதிரி ஒண்ணு பெருசா நிக்குது, அது மலை இல்ல, எரிமலை. நாளைக்குப் பாப்போம்.

சனிக்கிழமை

பிப்ரவரி மாசம், மழை கெடையாது, வெயில் இருக்கு ஆனா ஊரு 650 மீட்டர் உசரத்துல இருக்கறதால காத்து நல்லாருக்கு. ரோட்டோரம் மாகிலிஷ்வாத் மரம் பூத்துக் கெடக்கு, இலையே தெரியாம முழுக்க ரோஸ் கலரு, அதான் இங்க தேசிய மரம். காலைல செண்ட்ரோ, அதாவது பழைய ஊரு.

பிளாசா ஹெரார்தோ பாரியோஸ்னு ஒரு சதுக்கம். ஒரு பக்கம் கதீட்ரல், ஒரு பக்கம் 1911-ல கட்டி முடிச்ச தேசிய அரண்மனை, இன்னொரு பக்கம் சீனா உதவியோட கட்டி 2023 நவம்பர்ல தொறந்த புது தேசிய நூலகம். நூலகம் ஏழு மாடி, 24 மணி நேரமும் தொறந்திருக்கு, உள்ள போனா தரைல உக்காந்து புள்ளைங்க புக்கு படிக்குது. சில வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் இந்த சதுக்கத்தைச் சுத்தி நடக்க வழியில்லாம தெருக்கடைங்களா இருந்துச்சாம், எல்லாத்தையும் எடுத்து ஊரை பளிச்சுனு ஆக்கிட்டாங்க. பாக்க அழகா இருக்கு. ஆனா அந்தக் கடைய நம்பி இருந்த அத்தனை பேரும் இப்ப எங்க வியாபாரம் பண்றாங்கன்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு தெரு தள்ளிப் போனா அதுல கொஞ்சம் பேர தலைச்சுமையோட பாக்க முடியுது.

அரண்மனையை சீக்கிரமா பாத்து முடிச்சோம், சிவப்பு, மஞ்சள், ரோஸ், நீலம்னு கலருக்கு ஒரு ஹாலு, போட்டோ எடுக்க நல்லாருக்கும். நான் நிறுத்தி சொல்ல நெனைக்கிறது எல் ரொசாரியோ சர்ச். பிளாசா லிபர்த்தாத் ஓரத்துல இருக்கு. வெளிய இருந்து பாத்தா கறை புடிச்ச கான்கிரீட்டு வளைவு, பாதிப் பேரு பாக்காமயே தாண்டிப் போயிடுவாங்க. ரூபேன் மார்த்தினேஸ்னு ஒரு சிற்பி டிசைன் பண்ணி 1971-ல முடிச்சது. உள்ள காலு வச்சதும் அக்கா என் கையப் புடிச்சிட்டா. ஒரு தூணு கெடையாது. மொத்தக் கூரையும் ரெண்டு பக்கமும் தரைய நோக்கி வளைஞ்சு எறங்குது, அந்த வளைவு முழுக்க படிப்படியா கலர்க் கண்ணாடி, வெளிச்சம் உள்ள வந்து செங்கல் தரைல, பெஞ்சு மேல, முழங்கால் போட்டு ஜெபம் பண்ற அம்மா முதுகு மேலன்னு செவப்பும் பச்சையும் நீலமுமா விழுது, நாம உக்காந்திருக்கும்போதே அது நகருது. ஓரத்துல இயேசுவோட சிலுவைப்பாதை, நெனைச்சுப் பாக்க முடியாதபடி கட்டட வேலைல மிஞ்சுன கம்பி, இரும்புத் துண்டு வச்சு செஞ்சிருக்காரு. பல எடத்துல முகமே கெடையாது, வெறும் கைங்க மட்டும். ஆணி அடிக்கிற கை, தாங்குற கை. அதுலயே எல்லாம் புரியுது. ஒரு மணி நேரம் அங்கயே இருந்தோம், கெளம்ப மனசு வரல. போறவங்க வெயில் நல்லா இருக்குற நேரமாப் பாத்துப் போங்க.

சாயங்காலம் வண்டி ஓட்டுன அண்ணன்கிட்ட (அம்பது வயசு இருக்கும்) அக்கா ஸ்பானிஷ்ல பேச்சுக் குடுத்தா. பாதுகாப்பு எப்படின்னு கேட்டோம், எல்லாரும் கேக்குறதுதான். 2015-ல இந்த நாட்டுல ஒரே வருஷத்துல 6,600 கொலைக்கு மேல, லட்சம் பேருக்கு நூறுக்கும் மேல, அப்ப உலகத்துலயே மோசமான கணக்கு. 2024-ல அரசாங்கக் கணக்குப்படி 114. அண்ணன் சொன்னாரு, "முன்னாடி இந்த தெருவுல இருந்து அந்த தெருவுக்குப் போக முடியாதும்மா, அது வேற கேங்கு, இது வேற கேங்கு, வாரா வாரம் மாமூல் கட்டலேன்னா வண்டிய எரிச்சிருவான். இப்ப ராத்திரி பத்து மணிக்கு என் பேத்தியக் கூட்டிட்டு ஐஸ்கிரீம் சாப்புடப் போறேன்." சொல்லிட்டு ஒரு சிக்னல் தாண்டுனதும் குரலக் கொறச்சு இன்னொண்ணும் சொன்னாரு, தங்கச்சி மகனைப் புடிச்சிட்டுப் போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, எந்த கேங்கும் கெடையாது, பேக்கரில வேலை பாத்த பையன், இன்னும் பாக்கக்கூட விடல. 2022 மார்ச்ல கொண்டு வந்த அவசரநிலை மாசாமாசம் நீட்டிச்சு நீட்டிச்சு போயிக்கிட்டே இருக்கு, 80,000 பேருக்கு மேல உள்ள வச்சிருக்காங்க. ரெண்டும் ஒரே ஆளு வாயில இருந்து ஒரே பயணத்துல கேட்டோம். ரெண்டையும் சேத்துதான் எழுதணும்னு தோணுச்சு, டூரிஸ்டுக்கு நிம்மதியா இருக்குங்கறத மட்டும் எழுதிட்டுப் போறது நியாயம் இல்ல.

ஞாயிறு

காலைல மறுபடி கதீட்ரல், ஆனா மேல இல்ல, கீழ, நிலவறைல. ரொமேரோ சமாதி அங்கதான். இத்தாலியச் சிற்பி பாவ்லோ போர்கி செஞ்ச வெண்கலச் சிலை, படுத்துத் தூங்குற மாதிரி இருக்காரு, போர்வையோட நாலு மூலையையும் நற்செய்தி எழுதுன நாலு பேரு புடிச்சிருக்காங்க, நெஞ்சு மேல சின்னதா சிவப்புக் கல்லு, குண்டு பாஞ்ச எடம். நாங்க போனப்போ கீழயே பூசை நடந்துக்கிட்டிருந்துச்சு, கிட்டார், டிரம், பாட்டு, கைக்குழந்தை அழுகை. ஒரு தாத்தா தொப்பியக் கழட்டி அந்த வெண்கலக் கால தடவிட்டு, அதே கையால தன்னோட முட்டியத் தடவிக்கிட்டாரு. மேல 1951 தீவிபத்துக்கு அப்புறம் திரும்பக் கட்டுன பெரிய சர்ச் இருக்கு, ஆனா ஜனங்க மனசு கீழதான் இருக்கு.

வெளிய வந்து அந்தப் படிக்கட்டுல நிக்கும்போது அக்கா சொன்னா, "டேய், இங்கதான்டா அவரு சாவுக்கு வந்த கூட்டத்து மேல சுட்டாங்க." 1980 மார்ச் 30. லட்சக்கணக்குல கூடுன எடத்துல குண்டு வெடிச்சு, துப்பாக்கி சத்தம் கேட்டு, நெரிசல்லயும் சேத்து பல பேரு செத்துப் போனாங்க. இன்னிக்கு அதே எடத்துல பலூன் விக்கிறாங்க.

மத்தியானத்துக்கு மேல குஸ்கத்லான் பார்க். ஞாயித்துக்கிழமைங்கறதால குடும்பம் குடும்பமா கூட்டம், சைக்கிள் விடுற புள்ளைங்க, சீவுன ஐஸ்ல சிரப் ஊத்தித் தர்ற மினுத்தா வண்டி. அந்தப் பார்க் ஓரத்துல நீளமா ஒரு கறுப்பு கிரானைட் சுவரு. போர்ல செத்தவங்க, காணாமப் போனவங்க, சுமார் 30,000 பேரோட பேரு. 12 வருஷப் போர்ல மொத்தம் 75,000 பேரு செத்தாங்கன்னு கணக்கு, அதுல பேரு சேகரிக்க முடிஞ்சவங்க மட்டும் இது. 1992 ஜனவரி 16-ல சமாதான ஒப்பந்தம் போட்டாங்க, அடுத்த வருஷம் ஐ.நா. உண்மை ஆணையம் அறிக்கை குடுத்துச்சு, வந்த புகார்கள்ல சுமார் 85 சதவீதம் அரசுப் படைங்களும் அவங்களோட சேந்த கொலைக்கும்பலுங்களும் செஞ்சதுன்னு சொல்லி, செத்தவங்க பேரோட ஒரு நினைவுச் சின்னம் கட்டணும்னும் சொன்னாங்க. அரசாங்கம் கட்டல. பாதிக்கப்பட்ட குடும்பங்களும் மனித உரிமை அமைப்புகளும் சேந்து அலைஞ்சு திரிஞ்சு 2003-ல கட்டி முடிச்சாங்க.

பேரெல்லாம் வருஷ வாரியா, அகர வரிசைல இருக்கு. பட்டம் பதவி எதுவும் கெடையாது. 1980 வரிசைல ரொமேரோ பேரும் இருக்கு, மத்தவங்க பேரு என்ன சைஸோ அதே சைஸு, மேலயும் கீழயும் விவசாயி, மாணவன், வீட்டு வேலைக்காரம்மான்னு யார் யாரோ. 1980, 81, 82 வர்றப்போ பேரு நிக்காம போயிக்கிட்டே இருக்கு, நடந்து நடந்து பாத்தாலும் அதே வருஷம். சில எடத்துல ஒரே குடும்பப் பேரு வரிசையா பத்துப் பன்னெண்டு. நடுநடுவுல காய்ஞ்ச பூவ செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்காங்க, ஒரு எடத்துல ஸ்டாம்ப் சைஸ்ல ஒரு பையன் போட்டோ, ஸ்கூல் யூனிஃபார்ம்ல. ஒரு வயசான அம்மா பேத்திய தூக்கிப் புடிச்சு ஒரு பேர தொட்டுக் காட்டுனாங்க, அந்தக் கொழந்தை வெரலால எழுத்து எழுத்தா படிச்சிச்சு, படிச்சு முடிச்சதும் இறங்கி ஐஸ் வாங்க ஓடிருச்சு. அக்கா வார்டுல கூட வேலை பாக்குற ஒருத்தங்க அவங்க அண்ணன் பேரைத் தேடிப் பாத்து போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தாங்க. தேடுனோம். கெடச்சுது. அனுப்புனதும் ரொம்ப நேரம் பதில் வரல, அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு, அத அக்கா மட்டும் கேட்டா.

திங்கள்

தெய்வீகப் பராமரிப்பு ஆஸ்பத்திரி, இங்க எல்லாரும் செல்லமா "ஆஸ்பித்தலீத்தோ"ங்கறாங்க. கார்மெல் சபை சிஸ்டருங்க நடத்துற கேன்சர் ஆஸ்பத்திரி, கடைசி நெலமைல இருக்குற ஏழைங்கள வச்சுப் பாத்துக்குற எடம். ஆர்ச்பிஷப் ஆனதும் மாளிகை வேணாம்னு ரொமேரோ இங்கதான் வந்து தங்குனாரு. மூணு ரூமு உள்ள சின்ன வீடு. ஒத்தக் கட்டிலு, டைப்ரைட்டர், ரேடியோ, அவரு ஓட்டுன டொயோட்டா கொரோனா காரு. ஒரு கண்ணாடிப் பெட்டில அவரைச் சுட்ட அன்னிக்குப் போட்டிருந்த பூசை அங்கி தொங்குது. அதுல குண்டு பாஞ்ச ஓட்டை ரொம்ப சின்னது, பட்டன் சைஸ்கூட இல்ல, கிட்டப் போயி தேடித்தான் பாக்கணும். சுத்தி இருக்குற ரத்தக்கறை இப்ப பழுப்பா ஆயிடுச்சு.

1977-ல ஆர்ச்பிஷப் ஆனப்போ இவரு சத்தம் போடாத ஆளு, பணக்காரங்களுக்கு ஒத்துப் போவாருன்னு நம்பித்தான் சந்தோஷப்பட்டாங்க. பதவிக்கு வந்த சில வாரத்துலயே, விவசாயிங்களோட சேந்து நின்ன இவரோட நண்பர் ருத்திலியோ கிராந்தே பாதிரியார சுட்டுக் கொன்னாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ரேடியோல இவரு பிரசங்கம் வரும், அந்த வாரம் யாரு செத்தா, யாரு காணாமப் போனான்னு பேரு பேரா வாசிப்பாரு. பேப்பர்ல வராத செய்தி. கிராமத்துல எல்லா வீட்டு ரேடியோலயும் அதே குரல்தான் ஓடுமாம். 1980 மார்ச் 23 ஞாயிறு சிப்பாய்ங்களப் பாத்து நேரடியா சொன்னாரு, கடவுள் பேரால கெஞ்சிக் கேக்குறேன், கட்டளையிடுறேன், அடக்குமுறைய நிறுத்துங்கன்னு. மறுநாள் சாயங்காலம் இந்த ஆஸ்பத்திரி சேப்பல்ல பூசை வைக்கும்போது வாசல்ல வந்து நின்ன கார்ல இருந்து ஒரே ஒரு குண்டு. சேப்பல் இன்னிக்கும் அப்படியே இருக்கு, பீடத்துக்கும் வாசலுக்கும் நடுவுல நடந்து பாத்தேன், மறைவு எதுவுமே கெடையாது, அங்க நின்னா வாசல்ல நிக்கிற வண்டி நல்லாத் தெரியும். கொலைக்கு உத்தரவு போட்டது முன்னாள் மேஜர் ரொபெர்த்தோ தாபுய்சோன்னு 1993 உண்மை ஆணையம் சொல்லிச்சு. ஒருத்தருக்கும் தண்டனை கெடையாது. 2018 அக்டோபர் 14-ல வத்திக்கான் அவரைப் புனிதர்னு அறிவிச்சுது, இங்க ஜனங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே அப்படித்தான் கூப்புட்டாங்க.

நுழைவுக் கட்டணம்னு கறாரா எதுவும் கேக்கல, உண்டியல் இருக்கு, அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகுது. அக்கா வார்டு பக்கம் போயி ஒரு சிஸ்டர்கிட்ட நெறைய நேரம் பேசிட்டு வந்தா, வலி மருந்து தட்டுப்பாடு பத்தி.

சாயங்காலம் ஊகா, யேசு சபை நடத்துற மத்திய அமெரிக்க யூனிவர்சிட்டி. 1989 நவம்பர் 16 விடியக்காலைல ராணுவத்தோட அத்லகாத்ல் படை உள்ள புகுந்து, ரெக்டர் இக்னாசியோ எய்யாகுரியா உட்பட ஆறு யேசு சபைப் பாதிரியாருங்களக் கொன்னுச்சு. பாத்த சாட்சி இருக்கக் கூடாதுன்னு சமையல் வேலை பாத்த எல்பா ராமோஸையும் ஸ்கூல் படிச்ச அவங்க மக செலினாவையும் சேத்துக் கொன்னாங்க. அந்தப் புல்வெளில இப்ப ரோஜாத் தோட்டம், வச்சது எல்பாவோட வீட்டுக்காரர், அங்கயே தோட்டக்காரரா இருந்தவரு. 2020-ல ஸ்பெயின் கோர்ட் ஒரு முன்னாள் கர்னலுக்கு இந்த வழக்குல 133 வருஷம் தண்டனை குடுத்துச்சு. மியூசியத்துல போட்டோ ஆல்பம் ஒண்ணு மேசைல இருக்கும், பாக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க, ரொம்பக் கஷ்டம். அதுக்கு மேல இன்னிக்கு எழுத முடியல.

செவ்வாய்

இன்னிக்கு ஹோயா தே செரென். ஊருக்கு மேற்கால 36 கிலோமீட்டர். இதுக்காகத்தான் நான் வந்தேன், நெனைச்சத விட அதிகமாவே கெடச்சுது.

கதைய முதல்ல இருந்து சொல்றேன். சான் சால்வடோருக்கு கிழக்கால இலோபாங்கோன்னு ஒரு ஏரி, அது ஏரி இல்ல, எரிமலை வெடிச்ச பள்ளம். அஞ்சாம் நூற்றாண்டுல வெடிச்சு நாட்டுல பெரும்பகுதி வெள்ளைச் சாம்பல்ல மூடிருச்சு, ஜனங்க எல்லாம் ஓடிட்டாங்க. பல வருஷம் கழிச்சு மண்ணு தேறுனதும் விவசாயிங்க திரும்பி வந்து அந்தச் சாம்பல் மேலயே வீடு கட்டி, சோளம் போட்டு, ஒரு சின்ன கிராமம் ஆச்சு. சுமார் கி.பி. 600-ல ஒரு நாள் சாயங்காலம், ஒரு கிலோமீட்டர்கூட தள்ளி இல்லாத லோமா கல்தேராங்கற எரிமலை வாய் பொத்துக்கிட்டு வெடிச்சுது. அஞ்சு மீட்டருக்கு மேல சாம்பல், 14 அடுக்கு. கிராமம் மண்ணுக்குள்ள போச்சு. 1976-ல தானியக் குதிரு கட்ட புல்டோசர் வச்சு நிலத்த மட்டம் பண்ணப்போ ஒரு வீட்டுத் தரை தெரிஞ்சுது. வந்து பாத்தவங்க, இவ்ளோ புதுசா இருக்கே, சமீபத்து வீடுதான்னு போயிட்டாங்க. 1978-ல பேய்சன் ஷீட்ஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் கூரை வைக்கோலை கார்பன் டெஸ்ட் பண்ணப்பதான் 1,400 வருஷம்னு தெரிஞ்சுது. 1993-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு.

தகரக் கூரைக்கு அடில நின்னு கீழ எட்டிப் பாக்கணும். மண் சுவரு, திண்ணை, அடுப்படி, சாமான் வைக்கிற ரூம்பு. இந்தச் சனங்க மண்ணு குழைச்சு மூங்கில் மாதிரி குச்சி உள்ள வச்சுக் கட்டுன சுவரு, நிலநடுக்கத்துக்குத் தாங்குற மாதிரி வளைஞ்சு குடுக்கும். எனக்கு மூச்சே நின்னது இதெல்லாம் கைடு சொன்னப்போ: சாப்புட்ட மண் கிண்ணத்துல வெரலால வழிச்ச தடம் அப்படியே இருந்துச்சாம். அதாவது சாயங்காலச் சாப்பாடு முடிஞ்சுது, பாத்திரம் இன்னும் கழுவல. கொழந்தைங்க கைக்கு எட்டக் கூடாதுன்னு அப்சிடியன், அதாவது எரிமலைக் கண்ணாடிக் கல்லு கத்திய கூரை வைக்கோலுக்குள்ள சொருகி வச்சிருந்தாங்க. பீன்ஸ் வச்ச ஜாடி, மாலையாக் கோத்துத் தொங்கவிட்ட மொளகாய், கயித்துல கட்டிப்போட்ட ஒரு வாத்து, கூரைல குடியிருந்த எலிங்க. வீட்டுக்குப் பின்னாடி சோளக்கொல்லை, செடி மட்கிப் போன பொந்துல பிளாஸ்டர் ஊத்தி எடுத்துருக்காங்க, ஒவ்வொரு செடியும் தண்டு, இலை, கதிரோட நிக்குது. 2007-ல மரவள்ளிக்கெழங்குத் தோட்டமும் கண்டுபுடிச்சாங்க. ஒரு மனுஷ எலும்புக்கூடுகூட இதுவரைக்கும் கெடைக்கல, எல்லாரும் அப்படியே போட்டது போட்டபடி ஓடியிருக்காங்க.

ஊருக்குப் பொதுவா ஒரு நீராவிக் குளியல் அறை, தெமஸ்கால்னு பேரு, மண்ணாலயே வட்டக் கூரை, பத்துப் பன்னெண்டு பேரு உள்ள உக்காரலாம். பக்கத்துலயே அதே மாதிரி ஒண்ணு கட்டி வச்சிருக்காங்க, குனிஞ்சு உள்ள போயி உக்காந்து பாத்தோம், பேசுனா குரல் நாலு பக்கமும் சுத்துது.

அக்கா அந்த அடுப்படி முன்னாடி ரொம்ப நேரம் நின்னா. "ராத்திரி மிச்சம் வச்ச வேலைய காலைல பாத்துக்கலாம்னு போட்டுருக்காடா யாரோ ஒருத்தி"ன்னா. எனக்கு சுவத்துல பாத்த பேருங்களும் இந்தக் கிண்ணமும் ஒண்ணா மனசுல வந்து நின்னுச்சு, ஏன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல.

திரும்பி வர்ற வழில சான் அந்த்ரேஸ் பாத்தோம், இதே சமயத்துல இந்தப் பள்ளத்தாக்க ஆண்டவங்க எடம், பிரமிடு உண்டு, பெரிய புல்வெளி. எனக்கு அங்க புடிச்சது பிரமிடு இல்ல, ஸ்பானியர் காலத்து நீலச்சாயத் தொட்டிங்க. 1658-ல எல் பிளாயோன் எரிமலை வெடிச்சு அதுவும் சாம்பல்ல மூடிப் போயிருந்துச்சு.

புதன்

அந்த நீலத்தோட மிச்சக் கதைக்கு சுச்சித்தோத்தோ போனோம், வடக்கால ஒண்ணரை மணி நேரம். கல்லு பாவுன தெரு, வெள்ளை சாந்தா லூசியா சர்ச், கீழ பெரிய ஏரி. ஏரி 1970-கள்ல செர்ரோன் கிராந்தே அணை கட்டுனப்போ வந்தது. 

காப்பி வர்றதுக்கு முன்னாடி இந்த நாட்டோட சொத்தே நீலச்சாயம்தான், ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாப் போச்சு. செடிக்கு இங்க ஹிகிலித்தேன்னு பேரு. இலையப் பாத்ததும் எனக்கு ஆச்சரியம், எங்க திண்டிவனம் பக்கத்துக் கொல்லைல வெளையற அவுரியோட சொந்தக்காரச் செடி, சிறு சிறு இலை. ஒரு பட்டறைல அக்காவும் நானும் ஆளுக்கு ஒரு கைக்குட்டை சாயம் போட்டோம். துணிய முடிச்சுப் போட்டு தொட்டில முக்கி எடுத்தா முதல்ல நீலமே கெடையாது, பாசிப் பச்சை. காத்துல விரிச்சுப் புடிச்சா ஓரத்துல இருந்து மெதுவா நீலம் ஏறுது, கண்ணு முன்னாடியே. சாயம் போடுற அம்மா நகமெல்லாம் நீலம். செயற்கைச் சாயம் வந்ததும் இந்தத் தொழிலே செத்துப் போச்சு, இப்ப கொஞ்சம் பெண்கள் சேந்து திரும்பக் கொண்டு வந்திருக்காங்க. வேலைப்பாடு பாத்தா வெலை நியாயமாத் தெரியுது, பேரம் பேசாதீங்க.

வியாழன்

ஜன்னல்ல தெரிஞ்ச எரிமலைக்கு இன்னிக்குப் போனோம், எல் பொகெரோன். சாந்தா தெக்லா வழியா மேல ஏறணும். அந்த ஊரு மேல இருக்குற மலைச்சரிவுதான் 2001 ஜனவரி 13 நிலநடுக்கத்துல சரிஞ்சு லாஸ் கொலினாஸ் குடியிருப்ப மூடிருச்சு, அங்க மட்டும் ஐநூறு பேருக்கு மேல செத்தாங்க. இந்தப் பள்ளத்தாக்கே அடிக்கடி ஆடுற எடம், 1986-லயும் ஊருக்குப் பெரிய சேதம் ஆச்சு.

மேல 1,800 மீட்டர், குளிரு, ரோட்டோரம் பூச்செடியும் ஸ்ட்ராபெர்ரியும் விக்கிறாங்க. வாய் ஒண்ணரை கிலோமீட்டர் அகலம், கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் ஆழம். 1917-க்கு முன்னாடி உள்ள ஒரு ஏரி இருந்துச்சு, அந்த வருஷம் வெடிச்சப்போ தண்ணியெல்லாம் கொதிச்சு ஆவியாப் போயி, அடில குட்டியா ஒரு கூம்பு முளைச்சுது. மேல இருந்து பாத்தா அது தெளிவாத் தெரியுது.

சாயங்காலம் பிளானெஸ் தே ரெந்தேரோஸ், ராத்திரி வெளக்குல மொத்த ஊரும் கீழ. இங்க வர்றது புபூசாவுக்கு. சோள மாவு உருண்டைய உள்ளங்கைல தட்டி, நடுவுல சீஸ், பீன்ஸ், பன்னிக்கறி எது வேணுமோ வச்சு மூடி, மறுபடி தட்டி கல்லுல போடுறாங்க, பூரணம் வச்ச கெட்டி அடைன்னு வச்சுக்கோங்க. அந்தம்மா கை தட்டுற சத்தம் தாளம் தப்பாம வருது. சைவக்காரங்க சீஸும் லொரோகோவும்னு கேளுங்க, லொரோகோ ஒரு கொடியோட பூ மொட்டு, லேசாக் கசக்கும், வாசனை தூக்கும். மேல முட்டைக்கோசு ஊறுகாயும் தக்காளி சாஸும் போட்டுக் கையாலதான் சாப்புடணும். பீன்ஸ்ல பன்னிக் கொழுப்பு சேக்குறது உண்டு, கேட்டு வாங்கிக்கோங்க.

வெள்ளி

ஏர்போர்ட் போற வழில ஒலோகுயில்தா, அரிசி மாவு புபூசாவுக்குப் பேர் போன ஊரு. வரிசையா கடைங்க, காலைலயே புகை. அரிசி மாவுல ஓரம் மொறுமொறுன்னு இருக்கு, எனக்கு சோளத்த விட இதான் புடிச்சுது, அக்கா சோளம்தாங்கறா. ரெண்டு சூடான சாக்லேட், ஆறு புபூசா, பில்லு பத்து டாலர்கூட வரல.

போறவங்களுக்கு: ஹோயா தே செரென் திங்கள்கிழமை லீவு, அதுக்கு ஏத்த மாதிரி போடுங்க. நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை இருக்காது. கொஞ்சமாவது ஸ்பானிஷ் கத்துக்கிட்டுப் போங்க, கைடு இங்கிலீஷ் பேசுறவங்க கம்மி. கடற்கரைக்குன்னு எல்லாரும் நேரா எல் துங்கோ போயிடுறாங்க, தலைநகர்ல ஒரு நாள்கூடத் தங்குறதில்ல. குறைஞ்சது குஸ்கத்லான் பார்க் சுவத்துக்கும் ஆஸ்பித்தலீத்தோவுக்கும் ஒரு காலைப் பொழுது ஒதுக்குங்க. அக்கா அந்த சிஸ்டர்கிட்ட நம்பர் வாங்கியிருக்கா, ஹூஸ்டன் போனதும் அவ வார்டுல பேசி என்ன அனுப்ப முடியும்னு பாக்கப் போறா.